வானம் பார்த்த ரசிகர்

வானம் பார்த்த பூமியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். வானம் பார்த்த ரசிகரைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை. அந்தக் குறை இன்றோடு தீரட்டும்.

கால்பந்து மைதானத்துக்குப் போகிற பழக்கம் உங்களுக்கு உண்டு என்றால் இவரைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. டிக்கெட் கிழிக்கிற வாசலைத் தாண்டியதும் எல்லோரும் புல்தரையைப் பார்ப்பார்கள். இவர் அண்ணாந்து பார்ப்பார். வலது கையை நீட்டுவார். உள்ளங்கையை மேலே திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சுவார். ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டு உயர்த்தி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று விசாரிப்பார். இத்தனைக்கும் பின்னால் ஒரு கூட்டமே முட்டிமோதிக்கொண்டு, "நகருங்க சார், நகருங்க" என்று கத்திக்கொண்டிருக்கும். கடைசியில், கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி ஒரு தீர்ப்பு வரும்.

"வராது."

அவ்வளவுதான். மேல்முறையீடு கிடையாது. இந்த ஒரு வார்த்தை வரும் என்று நம்பித்தான் பாதிப் பேர் குடையை சைக்கிள் ஹேண்டில்பாரிலேயே தொங்கவிட்டு வந்திருப்பார்கள். மீதிப் பேர் சைக்கிள் இல்லாதவர்கள்.

மழைநாளில் மைதானத்தில் வேறு வகை ஜீவன்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. செய்தித்தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஆட்டம் முடிவதற்குள் நெற்றியில் காலைத் தலைப்புச் செய்தி பதிந்துபோகிறவர் ஒருவர். முதல் துளி விழுந்ததும் படிக்கட்டுக்கு அடியில் ஓடிப்போய், மேலே கூச்சல் எழும்போதெல்லாம் "யாரு போட்டா? யாரு போட்டா?" என்று சுவரைக் கேட்கிறவர் ஒருவர். வழுக்கைத் தலையில் கைக்குட்டையை நான்கு முடிச்சுப் போட்டு மாட்டிக்கொண்டு, உலகத்தையே ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறவர் ஒருவர். இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இவர்கள் நனைவார்கள், தும்முவார்கள், வீட்டுக்குப் போவார்கள். வானம் பார்த்த ரசிகர் அப்படியில்லை. அவருக்கு மழையைப் பற்றிக் கருத்து இருக்கிறது.

இந்த இனத்தில் நான் கிட்டத்தில் இருந்து பார்த்த உதாரணம் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். சலவைக் கடை வைத்திருக்கிறார். மாடியில் நீளநீளமாகக் கொடி கட்டி ஊரார் துணியையெல்லாம் காயப் போடுகிறவர் என்பதால், மேகத்தைப் பற்றிப் பேச அவரைவிட்டால் ஆள் கிடையாது என்பது கேலரியில் பொதுவான அபிப்பிராயம். அங்கே அவருக்குப் பெயரே "மேகம் அண்ணன்"தான். "அண்ணே, எப்படி இருக்கும் இன்னிக்கு?" என்று நாலு வரிசை தள்ளியிருந்து கேட்பார்கள். அவரும் ஒரு கண்ணை மட்டும் மூடி வானத்தை அளந்துவிட்டுப் பதில் சொல்வார். அவருடைய கடையில் காயாத துணிகள் வாரக்கணக்கில் ஈரவாடையோடு கிடக்கின்றன என்பது கேலரிக்குத் தெரியாது. அவர் தங்கைக்குத் தெரியும். அன்றைக்கு நான் செருப்பை மாட்டும்போது அவள் உள்ளேயிருந்து கேட்டாள்:

"அண்ணன் என்ன சொன்னான்?"

"மழை வராதுன்னார்."

"அப்ப குடை எடுத்துக்கோங்க."

நான் எடுத்துக்கொள்ளவில்லை. மச்சானின் முன்னால் குடையோடு போய் நிற்பது, சமைத்தவர் முன்னால் உப்பு டப்பாவோடு போய் உட்காருவதுபோல. உறவு கெட்டுவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவன். ஆனால் மழை பெய்தால் என் கண்ணாடியில் நீர் வழிந்து, எதிரே நிற்பது கோல் கம்பமா கொடிக் கம்பமா என்றுகூட எனக்குத் தெரியாது. கழற்றினால் அதுவும் தெரியாது. ஆகவே அன்றைய ஆட்டத்தில் நடந்ததைப் பெரும்பாலும் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அது எவ்வளவு ஆபத்தானது என்பது போகப்போகத் தெரியும்.

அன்றைய ஆட்டம் சாதாரண ஆட்டமில்லை. பருவத்தின் கடைசி ஆட்டம். பட்டியலின் அடியில் இரண்டு அணிகள்: நாங்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணி. இரண்டில் ஒன்று முதல் டிவிஷனில் தங்கும், மற்றது இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். எங்களுக்கு ஒரு புள்ளி கூடுதல் இருந்ததால் சமன் செய்தாலே போதும். அக்கரைக்காரர்கள் ஜெயித்தே ஆகவேண்டும். மச்சான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து எங்கள் அணி முதல் டிவிஷனைவிட்டு இறங்கியதில்லை. "அது மட்டும் நடந்துச்சு, நான் கடையைச் சாத்திட்டு எங்கேயாவது போயிடுவேன்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி தூக்கம் இல்லையாம், புரண்டு புரண்டு படுக்கிறாராம். அதைச் சொன்னது அவர் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் ஜோசியத்தில் அக்காவுக்குக் கொஞ்சமும் நம்பிக்கை கிடையாது. ஆனால் புருஷனைத் தனியாக விட்டால் என்ன ஆகும் என்ற பயம் உண்டு. ஆகவே ஒரு பெரிய பையோடு கூடவே வந்திருந்தார்.

எங்கள் மைதானத்தில் கூரை இருப்பது ஒரே ஒரு பக்கத்துக்குத்தான். அங்கே தலைவர்களும், தலைவர்களுக்கு வேண்டியவர்களும், வேண்டியவர்களின் மைத்துனர்களும் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு சிமெண்ட் படிக்கட்டு. கூரைக்காரர்களைப் பார்த்து மச்சான் வழக்கமாகச் சொல்கிற வசனம்: "அவங்கெல்லாம் ஆட்டம் பார்க்க வந்தவங்க இல்ல மாப்ளே. உட்கார வந்தவங்க." மழை பிடிக்கும்வரை இது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

ஆட்டம் தொடங்கியது. பந்து நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் என் மூக்கு நுனியில் ஒரு துளி.

"மச்சான், தூறுது."

"இதுக்குப் பேரு தூறல் இல்ல மாப்ளே. காத்துல ஈரம்."

காற்றில் இருந்த ஈரம் கொஞ்ச நேரத்தில் சட்டைக்குள் முதுகு வழியாக இறங்கியது.

"மச்சான், நனையுது."

"தூறல். இப்ப விட்டுரும்."

பிறகு சடசடவென்று அடித்தது. மச்சான் அண்ணாந்தார். வாய்க்குள் தண்ணீர் போனது. துப்பிவிட்டுச் சொன்னார்: "இது போற மேகம். நம்ம மேல நிக்காது."

முன்வரிசையில் பல் டாக்டர் ஒருவர் பெரிய கறுப்புக் குடையை விரித்தார். உடனே பின்னால் இருந்த கேலரி முழுக்க ஒரே குரல்: "குடையை மடக்கு!" அவர் திரும்பி, "நனையுதே சார்" என்றார். "எங்களுக்கு மட்டும் வெயிலா அடிக்குது? மடக்குங்க டாக்டர்!" என்றார் ஒருவர். நியாயம்தான். குடை பிடித்தவரின் தலை நனையாது. ஆனால் குடையின் விளிம்பிலிருந்து வழிகிற தண்ணீர் முழுவதும் பின்வரிசைக்காரரின் முழங்காலில்தான் விழும். ஆட்டமும் மறையும். ஊர் பல்லையெல்லாம் பிடுங்குகிற மனிதர், அன்று கேலரிக்குப் பயந்து குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, குடைக்குச் சொந்தக்காரர் என்ற பெருமையோடு நனைந்தார்.

அப்போதுதான் அக்கா பையைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டு பாலிதீன் உறைகள். இஸ்திரி போட்ட கோட்டை மாட்டிக் கொடுப்பார்களே, மேலே ஹாங்கர் கொக்கி நுழைய ஒரு துவாரம் இருக்குமே, அதேதான். துவாரத்தைக் கத்தரியால் பெரிதாக்கி, தலை நுழைகிற மாதிரி வீட்டிலேயே வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நான்தான் மழை வராதுன்னு சொன்னேன்ல? இத எதுக்குடி எடுத்துட்டு வந்தே?" என்று மச்சான் சீறினார்.

"நீங்க சொன்னதுனாலதான்" என்றார் அக்கா.

எங்கள் வரிசை முழுவதும் மாட்டிக்கொண்டது. கொடியில் தொங்குகிற சட்டைகளைப்போல ஒரே வரிசையில் பளபளவென்று உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவர் மார்பிலும் அச்சிட்ட எழுத்து: "சாயம் போனால் நிலையம் பொறுப்பல்ல." மச்சான் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டினால் மழை பெய்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே? ஒரு கொள்கைக்காக மனிதர் தொப்பலாக நனைந்தார். கொள்கை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

மைதானத்தில் சேறு. மஞ்சள் பனியன் எங்களுடையது, நீலம் அவர்களுடையது என்பது முதல் கால் மணி நேரத்துக்குத்தான் செல்லுபடியானது. பிறகு எல்லோரும் ஒரே பழுப்பு. யாரைத் திட்டுவது, யாரைப் பாராட்டுவது என்று கேலரிக்கே குழப்பம். ஒருவர் இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியபோது மச்சான் எழுந்து நின்று, "போ ராஜா! போ! விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ராஜாவும் விடாமல் போய், எங்கள் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டார்.

கேலரி வாயடைத்துப்போனது. ஒருவர் மட்டும் துள்ளிக் குதித்தார். எங்கள் வரிசையிலேயே, அக்காவுக்கு அடுத்த இடத்தில். குதித்தபோது அவர் சட்டைக்குள்ளிருந்து நீல மஃப்ளர் வெளியே வந்துவிட்டது.

"அக்கரையா நீங்க?" என்றார் மச்சான்.

"அந்தப் பக்க டிக்கெட் தீர்ந்துபோச்சுங்க" என்றார் அவர், குற்றவாளியைப்போல. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவராம். மெலிந்த மனிதர். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அவர் மேலும் "நிலையம் பொறுப்பல்ல" தான் இருந்தது; அணி பார்க்காமல் அக்கா எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருந்தார்.

நாம் பார்க்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. மச்சான் மெல்ல உட்கார்ந்தார். வழிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணாந்து பார்த்தார். அதே வானம், அதே மேகம், ஒரு துளி கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆனால் எங்கள் கணக்கில் பூஜ்யம், அவர்கள் கணக்கில் ஒன்று.

"மாப்ளே," என்றார், குரலைத் தாழ்த்தி, "இது விடற மழை இல்ல."

"போற மேகம்னீங்களே?"

"போறதுக்கு முன்னாடி கொட்டிட்டுத்தானே போகும்?"

கேலரியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரு விதி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மைதானம் விளையாட லாயக்கில்லை என்று நடுவர் பாதியில் நிறுத்திவிட்டால், அதுவரை போட்ட கோல் எல்லாம் செல்லாது. வேறொரு நாள் முதலிலிருந்து ஆடவேண்டும். இந்த விதி அதுவரை எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. கைக்குட்டை முடிச்சுக்காரருக்கு உட்பிரிவு உட்பட மனப்பாடமாக இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் நின்றவர்கூட வெளியே வந்து, தலையை மழைக்குக் கொடுத்து, "நல்லா பெய்யட்டும்" என்று வாழ்த்தினார். கொஞ்சம் முன்னால் மழையைச் சபித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான வாய்கள் இப்போது, "வா, வா, இன்னும் வா" என்று வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்தன. மேகம் அண்ணனை நாலா பக்கத்திலிருந்தும் கேட்டார்கள்: "அண்ணே, வலுக்குமா?" அண்ணன் ஒரு கண்ணை மூடினார். "வலுக்கும்" என்றார். கேலரி கைதட்டியது.

வேன்காரர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "இது ஒரு மழைங்களா? காத்துல ஈரம். இப்ப விட்டுரும்."

மச்சான் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வானிலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் என்று அதற்கு அர்த்தம்.

மழையும் எங்கள் சொல்லைத் தட்டவில்லை. கொட்டியது. நடுவர் விசில் ஊதி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு வந்தார். மழைநாளில் இது ஒரு சடங்கு. பந்தை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பார், எழும்ப வேண்டும். தரையோடு உதைத்துப் பார்ப்பார், உருள வேண்டும். எழும்பாமல், உருளாமல் தேங்கினால் ஆட்டம் நிற்கும். அந்த ஒரு நிமிடம் மைதானத்தில் நடுவர் ஒருவர்தான் என்று நினைக்காதீர்கள். கேலரி முழுக்க நடுவர்கள்.

"உருளல! உருளல!" என்று கேலரி அலறியது.

என் கண்ணாடியில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. "மச்சான், நிஜமாவே உருளலையா?"

"எங்க உருளுது? களிமண்ணு மாதிரி ஒட்டிக்கிச்சு பாரு!"

இந்தப் பக்கம் திரும்பி வேன்காரரைக் கேட்டேன்.

"சூப்பரா உருளுதுங்க. கண்ணாடி மேல கோலிக்குண்டு மாதிரி."

நான் அக்காவைக் கேட்டேன். "கொஞ்சம் உருண்டுச்சு, அப்புறம் நின்னுச்சு" என்றார் அக்கா. அந்தக் கேலரியிலேயே பந்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். ஆனால் நானும் எழுந்து நின்று, "உருளல!" என்று கத்திக்கொண்டிருந்தேன். கண் தெரியாவிட்டால் என்ன, குரல் இருக்கிறதே.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று எல்லோரையும் உள்ளே அனுப்பினார். கேலரியில் ஆரவாரம். முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். மச்சான் எல்லோருக்கும் டீ சொன்னார். வேன்காரருக்கும்தான். "குடிங்க. மழை நம்ம கையிலயா இருக்கு?" என்று பெருந்தன்மையாகச் சொன்னார், ஜெயிக்கிறவர்களுக்கே உரிய பெருந்தன்மை. வேன்காரர் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் அந்த டீமுல ஆடினாருங்க. இப்ப உயிரோட இல்ல. அதனாலதான் ஒரு ஆட்டமும் விடறதில்ல" என்றார். எங்களுக்கு வானத்தின் மேல்தான் கண்.

மைதானப் பணியாளர்கள் பெரிய துடைப்பங்களோடு வந்து தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார்கள். எங்கள் மைதானம், எங்கள் ஆட்கள்.

"ஏம்ப்பா, மெதுவாப்பா! என்ன அவசரம்? இடுப்புப் பிடிச்சுக்கும்!" என்று மச்சான் அவர்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டார்.

இப்படி எல்லாம் கூடி வரும்போது துரோகம் நடந்தது. மழை குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. வெளுத்த ஒரு சூரியன்கூட எட்டிப் பார்த்தான். அவனை எங்கள் கேலரி வரவேற்ற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மறுபடி விசில், மறுபடி ஆட்டம்.

நேரம் கரைந்துகொண்டே போனது. எங்கள் ஆட்கள் ஓடினார்கள், வழுக்கினார்கள், எழுந்தார்கள், மறுபடி வழுக்கினார்கள். மச்சான் கைகள் இரண்டையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. அக்கா ஒரு பாலிதீன் உறையை அவர் தலையில் மாட்டிவிட்டார். அவர் தடுக்கவில்லை.

முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது அது நடந்தது. எங்கள் ஆள் ஒருவர் தூரத்திலிருந்து ஒரு அடி அடித்தார். அது அடியே இல்லை. வழுக்கி விழும்போது கால் பட்டது. பந்து அக்கரை கோலை நோக்கிச் சோம்பேறித்தனமாக உருண்டது. அவர்களுடைய கோல்கீப்பர் அதைத் தூக்கிக்கொள்ள ஓடிவந்தார். வழியில், துடைப்பக்காரர்கள் மெதுவாகத் தள்ளிய புண்ணியத்தில் மிச்சமிருந்த ஒரு குட்டை. பந்து அதில் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கோல்கீப்பரால் உட்கார முடியவில்லை. அவர் வழுக்கிக்கொண்டு பந்தைத் தாண்டி, எங்கள் ஆளையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். எங்கள் ஆள் எழுந்து போய், முகத்துச் சேற்றை வழித்துவிட்டு, குட்டையில் கிடந்த பந்தை மெதுவாகக் கோலுக்குள் தள்ளினார்.

ஒன்றுக்கு ஒன்று. போதும். இது போதும். மச்சான் என்னைத் தூக்கிவிட்டார். என் கண்ணாடி எங்கேயோ விழுந்தது. யாரோ அழுதார்கள். நானாகவும் இருக்கலாம்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான் மாப்ளே! கொஞ்சமே கொஞ்ச நேரம்! தப்பிச்சோம்!"

மேலே எங்கேயோ ஒரு அலுவலகத்தில் எங்கள் விண்ணப்பம் அப்போதுதான் மேலதிகாரியின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம்: பெருமழை தேவை, அவசரம். அவர் உடனே அனுமதி கொடுத்துவிட்டார். இடி இடித்தது. சூரியன் காணாமல் போனான். அதுவரை பெய்தது ஒத்திகை என்று சொல்லும்படி ஒரு மழை இறங்கியது பாருங்கள், பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்கவில்லை.

வானம் பார்த்த ரசிகர் அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல! ஒண்ணும் இல்ல! போற மேகம்!" என்று கத்தினார். "இப்ப விட்டுரும்!"

பக்கத்தில் வேன்காரர் எழுந்து நின்று, இரண்டு கையையும் வானத்தை நோக்கி நீட்டி, "இது விடற மழை இல்லங்க! வலுக்கும்!" என்றார்.

பணியாளர்கள் துடைப்பத்தோடு வந்தார்கள். "வேகமா தள்ளுங்கப்பா! சோறு திங்கறீங்களா இல்லையா?" என்று மச்சான் அவர்களைப் பிடித்துக்கொண்டார். அவர்களுடைய இடுப்பைப் பற்றி இப்போது யாருக்கும் கவலை இல்லை. நடுவர் பந்தோடு நடுவுக்கு வந்தார். கீழே போட்டார்.

"உருளுது! உருளுது!" என்று கேலரி அலறியது.

"உருளல!" என்று ஒரே ஒரு குரல் கேட்டது.

கண்ணாடியே இல்லாத நான், "உருளுது!" என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஏங்க, கொஞ்சம் முன்னாடி இவர் சொன்னதை இப்ப நீங்க சொல்றீங்க. நீங்க சொன்னதை இவர் சொல்றாரு. ரெண்டு பேரும் எடத்தை மாத்தி உட்கார்ந்துட்டா வாயாவது மிச்சம்!"

இரண்டு பேருக்கும் அது காதில் விழவில்லை. பந்து விழுந்த இடத்தில் "பொத்" என்று உட்கார்ந்து பாதி முழுகிவிட்டது. உதைத்தார், தண்ணீர்தான் போனது, பந்து போகவில்லை. நடுவர் இரண்டு கைகளையும் குறுக்கே வீசினார். ஆட்டம் ரத்து. மறு ஆட்டம் அடுத்த வாரம். எங்கள் கோல், குட்டைக் கோல், அந்த அருமையான கோல், தண்ணீரோடு போனது.

மச்சான் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கலைந்தார்கள். அவர் அசையவில்லை. பக்கத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்து, ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த இனத்துக்குச் சிலை வைக்கலாம்.

"நான் அப்பவே சொன்னேன்ல, வலுக்கும்னு?"

சொன்னார்தான். வராது என்றும் சொன்னார், விட்டுவிடும் என்றும் சொன்னார், வலுக்கும் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவைக்கிறவரை வானம் என்ன செய்ய முடியும்? எது நடந்தாலும் அவர் சொன்னதுதான்.

மறு ஆட்டம் நல்ல வெயிலில் நடந்தது. மைதானம் காய்ந்து கிடந்தது, பந்து அழகாக உருண்டது, பல் டாக்டர் குடையோடு வரவில்லை. எங்கள் அணி மூன்று கோல் வாங்கியது, ஒன்றும் போடவில்லை. இரண்டாம் டிவிஷன். கடைசி விசில் ஊதியபோது மச்சான் அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கடையைச் சாத்திவிட்டு எங்கேயாவது போய்விடுவேன் என்றாரே, அவர் எங்கேயும் போகவில்லை. மறுநாள் காலை வழக்கம்போலக் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டே, மேகமே இல்லாத வானத்தைப் பார்த்து, "நேத்து மட்டும் ஒரு மழை பெய்ஞ்சிருந்தா..." என்றார்.

இத்தனை நேரம் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். மச்சானைப் போல ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருப்பார், உங்கள் தெருவில் இருப்பார், உங்கள் அண்ணியின் வீட்டில் இருப்பார் என்று ஆள் தேடியும் இருப்பீர்கள். நல்லது. நீங்கள் அந்த ரகம் இல்லை. மழையை மழையாகவும் வெயிலை வெயிலாகவும் பார்க்கிறவர். கோல் கணக்கைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவர் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். எங்கள் அணி ஒரு கோல் பின்தங்கியபோது, மழை கொட்டட்டும் என்று உங்களுக்கும் தோன்றியதா இல்லையா? ஒன்றுக்கு ஒன்று ஆனதும், ஐயோ, இனிமேல் பெய்யாமல் இருக்கவேண்டுமே என்று பதறினீர்களா இல்லையா? எங்கள் ஆட்டக்காரர் ஒருவரின் முகம்கூட உங்களுக்குத் தெரியாது. பக்கத்துப் படியில் வேன்காரர் ஒருவர் பல் கிட்ட உட்கார்ந்திருந்தார்; இரண்டாம் டிவிஷன் அவருக்கும் இரண்டாம் டிவிஷன்தான். அண்ணன் ஆடிய அணி என்று எங்களிடம் சொன்னார், உங்கள் காதிலும்தான் விழுந்தது. மறு ஆட்டத்து வெயிலில், தன் அணி தப்பிவிட்டது என்றதும், அவர் தனியாக எழுந்து நின்று நீல மஃப்ளரை முகத்தில் பொத்திக்கொண்டு தேம்பினார். ஆனால் எங்கள் அணி மூன்று கோல் வாங்கியது என்று நான் எழுதியபோது, "அடடா" என்றீர்களே, அது யாருக்காக?